மின்வெட்டும் மொத்த உற்பத்தியும்: மதுரை வட்டாரம், 2008–2015 – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தியாவில் 1947-ல் ஆளுக்கு ஆண்டுக்கு 16 யூனிட் மின்சாரம் செலவானது. 2023-24-ல் அது 1,395 யூனிட். அதே காலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியும் பல மடங்கு பெருகியது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கோடுகள் ஒட்டிக்கொண்டு ஏறும். அதைக் காட்டி ‘கரண்ட் வந்ததால்தான் வளர்ந்தோம்’ என்று ஒருவர் சொல்லலாம், ‘வளர்ந்ததால்தான் கரண்ட் செலவாகிறது’ என்று இன்னொருவர் சொல்லலாம். வரைபடம் இருவருக்கும் தலையாட்டும்.

இந்தச் சண்டை பழையது. 1978-ல் கிராஃப்ட் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தங்கள் நாட்டின் 1947–74 கணக்கை வைத்து, உற்பத்திதான் முன்னே போகிறது, ஆற்றல் செலவு பின்னே வருகிறது என்றார்கள். 1993-ல் டேவிட் ஸ்டெர்ன் என்ற பொருளாதார ஆய்வாளர், எல்லா எரிபொருளையும் ஒரே தட்டில் கூட்டாமல் தரத்துக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டினார். அப்போது ஆற்றல் முன்னே போவதாக விடை மாறியது. அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள் நான்கு விடைகளுக்குள் சுற்றுகின்றன: ஆற்றல் உற்பத்தியை இழுக்கிறது, உற்பத்தி ஆற்றலை இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஆண்டுக்கு ஒரு புள்ளி என்று ஐம்பது, அறுபது புள்ளிகளை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. ஒன்றை வெளியிலிருந்து குறைத்துவிட்டு மற்றது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்காக எந்த அரசும் ஊரை இருட்டில் வைக்காது. 2008 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் பற்றாக்குறையே அதைச் செய்தது. அதை மதுரையிலிருந்து பார்ப்பதற்கு ஒரு வசதி உண்டு. ரப்பர் பட்டறை, நூற்பாலை, அரிசி ஆலை, போர்வெல் விவசாயம், கால்வாய்ப் பாசனம், பூச்சந்தை எல்லாம் ஐம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரே மின்வெட்டு இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக அடித்தது.

வெட்டின் அமைப்பு

2008 நவம்பர் 1 முதல் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. ஒப்பந்த கே.வி.ஏ.விலும் (ஒரே நேரத்தில் எடுக்க ஒப்புக்கொண்ட அதிகபட்ச அளவு) வெட்டு, மாத யூனிட்டிலும் வெட்டு. மாலை ஆறு முதல் பத்து வரை விளக்குக்கும் காவலுக்கும் மட்டும் போதுமான அளவு. இது ‘கட்டுப்பாடு’. வீடுகளுக்கும் தாழ்வழுத்தப் பட்டறைகளுக்கும் வந்தது வேறு மாதிரி: துணை மின்நிலையத்தில் 11 கே.வி. ஃபீடரையே (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பித்தடம்) நேரம் வைத்து ஆஃப் செய்வது. அப்போது தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்பின் எல்லை 112 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன். கோ.புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூர் சிட்கோவிலும் இருந்த சிறு பட்டறைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருப்பவை. பெரிய ஆலைக்கு ‘இவ்வளவுதான் எடுக்கலாம்’ என்று ஓர் அளவு தெரியும், அதற்கேற்ப எந்த மெஷினை நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம். சிறு பட்டறைக்கு எல்லாம் போகும், அல்லது எல்லாம் வரும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘40 சதவீத வெட்டு’ என்று பொதுவாகப் பேசுவது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

2012-ன் பிற்பகுதியில் நிலைமை உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம், மதுரை போன்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல், பல நாள் பதினான்கு வரை. அதுவும் ஐப்பசியை ஒட்டித்தான் மோசம். ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலும் கம்பம் கணவாயிலும் காற்றாலைகள் சுற்றும்போது வெட்டு தளரும். காற்று அடங்கியதும் இறுகும். காரணங்கள் பல: புதிய நிலையங்கள் தாமதமானது, மின்வாரியத்தின் கடன், பருவத்தை நம்பிய காற்றாலை. ஆனால் பலரும் விட்டுவிடும் ஒன்று கம்பி. வடக்கே மின்சாரம் கிடைத்த நாட்களிலும் தெற்குக்குக் கொண்டுவர வழித்தடம் போதவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. தடம் வழியாகத் தென்மண்டல கிரிட் (மின்தொகுப்பு) மற்ற மண்டலங்களோடு ஒத்திசைவாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். கூடங்குளத்தின் முதல் உலை கிரிட்டுக்கு மின்சாரம் தரத் தொடங்கியதும் அதே ஆண்டு அக்டோபரில். ‘நாட்டின் மின் உற்பத்தி இத்தனை சதவீதம் உயர்ந்தது’ என்ற வரி, கப்பலூரின் ஒரு ஷெட்டில் அந்த ஆண்டு எந்தப் பொருளும் தராததற்கு இதுவே காரணம்.

ஒரு பிரஸ், எட்டு மணி நேரம்

மதுரை ரப்பர் தொழிலுக்குப் பேர்போன ஊர். டயர் ஆலை தொடங்கி, புஷ், கேஸ்கெட், ஓ-ரிங் அடிக்கும் சிறு மோல்டிங் பட்டறை வரை இங்கே உண்டு. மின்வெட்டு உற்பத்தியை எப்படித் தின்றது என்று பார்க்க ஒரு மோல்டிங் பிரஸ்ஸே போதும். கீழே வரும் எண்கள் ஒரு மாதிரிக் கணக்கு. ஹீட்டர் அளவையும் வார்ப்பு நேரத்தையும் அவரவர் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் சூடாகும் தட்டுகள், மொத்தம் 12 கிலோவாட் ஹீட்டர். தட்டு 150–160 டிகிரிக்கு ஏற வேண்டும். காலையில் குளிர்ந்த அச்சோடு தொடங்கினால் ஒரு மணி நேரம், ஹீட்டர் முழு வேகத்தில். சூடு ஏறிய பிறகு தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எடுக்கும், சராசரி 4.8 கிலோவாட். வேகும் நேரம் 6 நிமிடம், பிரித்து எடுத்துப் புது ரப்பர் வைக்க 2 நிமிடம். ஆக ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு முறை வார்த்து எடுக்க, 8 நிமிடம்.

வெட்டில்லாத எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் முதல் மணி நேரம் சூடேற்ற 12 யூனிட் போகும். மீதி ஏழு மணி நேரத்தில் 52 ஷாட், அதற்கு 33.6 யூனிட். மொத்தம் 45.6. ஷாட்டுக்கு 0.88 யூனிட்.

இப்போது இரண்டு மணி நேரம் கரண்ட், இரண்டு மணி நேரம் வெட்டு. முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி சூட்டுக்கே போகும். மீதி ஒரு மணியில் 7 ஷாட் முழுதாக வரும், எட்டாவது ஷாட் பாதியில் மாட்டும். பாதி வெந்த ரப்பர் பாதி வல்கனைஸ் ஆன, அதாவது சூட்டில் பாதி இறுகிவிட்ட ரப்பர். அதை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, குப்பைதான். இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வரும்போது அச்சு ஆறியிருக்கும். மறுபடி சூடேற 40 நிமிடம், 8 யூனிட். மீதி 80 நிமிடத்தில் 10 ஷாட். அப்புறம் மறுபடி வெட்டு. நாள் முடிவில் 17 ஷாட், 31.2 யூனிட். ஷாட்டுக்கு 1.84 யூனிட்.

கரண்ட் இருந்த நேரம் பாதியானது. மீட்டரில் ஓடிய யூனிட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உற்பத்தி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒரு பொருளுக்கான மின் செலவு இரட்டிப்புக்கு மேல் போனது. நாட்டளவில் யூனிட்டையும் உற்பத்தியையும் நேர்விகிதத்தில் கட்டும் எந்தச் சூத்திரமும் இந்த ஷெட்டில் தோற்கும். இங்கே யூனிட்டின் எண்ணிக்கையைவிட அது தொடர்ந்து வந்ததா என்பதுதான் கணக்கு.

இதில் இன்னொன்று. இப்படிப்பட்ட பட்டறையில் மின்கட்டணம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் என்று வைப்போம். ரப்பர், கார்பன் பிளாக், கூலி, அச்சுத் தேய்மானம் இவைதான் பெரிய செலவு. வழக்கமான வளர்ச்சிக் கணக்கு ஓர் உள்ளீட்டின் எடையை அதன் செலவுப் பங்கை வைத்துத்தான் போடுகிறது. அதன்படி மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உற்பத்தி மூன்று சதவீதம் அளவுக்குத்தான் குறைய வேண்டும். குறைந்தது 67 சதவீதம். பொருளாதார அறிஞர்களில் ராபர்ட் அயர்ஸ் போன்றவர்கள் ஆற்றலின் பங்கைச் செலவுப் பங்கால் அளப்பது செல்லாது என்று வாதிட்டது இந்த இடைவெளியை வைத்துத்தான். மலிவான பொருள் என்பதும் மாற்று இல்லாத பொருள் என்பதும் வேறு வேறு. ஒப்பந்தத் தேதி தவறி ஆர்டர் கைமாறுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நூற்பாலையில் வேறு கதை. ராஜபாளையம் பக்கமோ மதுரைப் பக்கமோ, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் ஓடும்போது ஒரு நொடி கரண்ட் கண்சிமிட்டினால் போதும், நூல் அறுந்துவிடும். ஃப்ரேமுக்கு ஆயிரம் கதிருக்கு மேல் இருக்கும்போது, அறுந்த நூலை எல்லாம் ஒட்டி ஓட்டத்துக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். ஈரப்பத இயந்திரம் நின்றால் அறை உலர்ந்து, மறுபடி ஓட்டும்போது அறுப்பு கூடும். ஆனால் நூற்பாலை உயரழுத்த இணைப்பு. சொந்தக் காற்றாலை வைத்திருந்தவர்களும், 26 சதவீதப் பங்கு எடுத்துக் குழுமச் சொந்த உற்பத்தித் திட்டத்தில் சேர்ந்தவர்களும் தப்பிக்க ஒரு வாசல் இருந்தது. 112 கிலோவாட்டுக்குக் கீழே அந்த வாசல் இல்லை.

அரிசி ஆலை பாதி தப்பியது. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள், அது ஆலையிலேயே விழுகிறது. ஆனால் அவித்த நெல்லை உலர்த்தும் ட்ரையரின் ஃபேன் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். அவித்த நெல் 12–14 சதவீத ஈரத்துக்கு இறங்காமல் நடுவில் நின்றால் வாடை ஏறும், அரிசி பழுப்பாகும், விலை இறங்கும். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மின்வெட்டு கிட்டத்தட்ட தெரியவே இல்லை. விடிவதற்குள் விலை பேசி முடிந்துவிடும் வியாபாரத்துக்கு ஒரு பல்பும் தராசும் போதும். மதிப்பு நிறைய, யூனிட் சொற்பம்.

டீசலும் இன்வெர்ட்டரும்

வெட்டு நேரத்தை ஈடுகட்ட ஜெனரேட்டர் வந்தது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட்டுக்கு நிகரான வெப்பம் உண்டு. நல்ல நிலையிலுள்ள செட், முக்கால் சுமைக்கு மேல் ஓடினால் அதில் 3 முதல் 3.5 யூனிட் எடுக்கும். 62.5 கே.வி.ஏ. செட்டைக் கால் சுமையில் ஓட்டினால் 2.5 கூடத் தேறாது, புகைக்குழாயில் எண்ணெய் கசியும். பெரும்பாலான பட்டறைகள் செய்த பிழை இதுதான்: எல்லா மெஷினும் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும் சுமைக்குப் பெரிய செட்டாக வாங்கி, நாள் முழுக்க இரண்டு மெஷினுக்கு ஓட்டியது. 2012 கடைசியில் டீசல் லிட்டர் 50 ரூபாயை ஒட்டி விற்றபோது ஜெனரேட்டர் யூனிட் எரிபொருளுக்கு மட்டுமே 15 முதல் 20 ரூபாய். அப்போது உயரழுத்த ஆலைக் கட்டணம் யூனிட் 5.50.

மேலே சொன்ன பிரஸ்ஸில் சூடு நிலைத்த பிறகு ஒரு ஷாட்டுக்கு 0.64 யூனிட். மின்வாரியக் கரண்டில் மூன்றரை ரூபாய், டீசலில் பத்து, பதின்மூன்று ரூபாய். ஒரு ஷாட்டில் பதினாறு புஷ் விழுந்தால் ஒரு புஷ்ஷுக்கு அரை ரூபாய்தான் கூடுதல். ஆக டீசலில் ஓட்டுவது பலருக்குக் கட்டுபடியானது. கட்டுபடியாகாதது செட் வாங்கும் முதல். ஹன்ட் ஆல்காட், ஆலன் காலர்ட்-வெக்ஸ்லர், ஸ்டீபன் ஓ’கானல் மூவரும் இந்தியத் தொழிற்சாலைகளை வைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: மின் பற்றாக்குறை சராசரித் தொழிற்சாலையின் வருவாயை 5 முதல் 10 சதவீதம் குறைக்கிறது, ஜெனரேட்டர் இல்லாத சிறு ஆலைகளை அதைவிடக் கடுமையாக அடிக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் ‘அவ்வளவு மோசமில்லை’ என்று தோன்றும். அடி விழுந்த இடம் சராசரிக்கு வெளியே இருந்தது.

வீடுகளில் இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் முழுக் கொள்ளளவு 1.8 யூனிட். அதிலிருந்து ஒரு யூனிட்டை எடுக்க, சார்ஜரிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரை யூனிட் உள்ளே தள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் விட்டு இரண்டு மணி நேரம் என்றால் பேட்டரி ஒருபோதும் நிறையாது. நிறையாத ஈய-அமில பேட்டரியில் சல்ஃபேட் படிந்து ஆயுள் சீக்கிரம் முடியும். இதைவிட மோசம் கரண்ட் வரும் நொடி. ஒரு இன்வெர்ட்டர் சார்ஜ் ஆக 250 வாட் எடுத்தால் ஒரு லட்சம் வீட்டுக்கு 25 மெகாவாட், எல்லாம் ஒரே நேரத்தில். கூடவே மேல்தொட்டி மோட்டார், ஃப்ரிட்ஜ். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், வெட்டு முடிந்தும் இருட்டு தொடரும்.

தேசியக் கணக்கில் இவையெல்லாம் எங்கே விழுந்தன என்று பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்காரர் வாங்கிய இன்வெர்ட்டர் நுகர்வுச் செலவு, பட்டறைக்காரர் வாங்கிய ஜெனரேட்டர் மூலதன முதலீடு. இரண்டும் நாட்டின் மொத்த உற்பத்தியை, அதாவது ஜி.டி.பி.யைக் கூட்டும். கேனில் வாங்கிப்போன டீசல் எந்த ஜெனரேட்டரில் எரிந்தது என்பதை பங்க்கின் விற்பனைக் கணக்கு சொல்லாது. மின்சாரப் பத்தியில் குறைந்தது எண்ணெய்ப் பத்தியில் கூடியது, உற்பத்தி குறைந்தது. ‘ஒரு ரூபாய் உற்பத்திக்கு இத்தனை ஆற்றல்’ என்ற விகிதம் கெட்டது, தொழில் மோசமாக நடத்தப்பட்டதால் அல்ல.

யூனிட் ஏறியும் விளைச்சல் ஏறாத இடம்

மறுபக்கமும் உண்டு. ஆற்றல் செலவு கூடிக்கொண்டே போய், வருமானம் அதே இடத்தில் நிற்பது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து போர்வெல் விவசாயம் அதற்கு உதாரணம்.

ஒரு யூனிட் மின்சாரம், வீணே இல்லை என்றால், 3.67 லட்சம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்தும். 30 மீட்டர் ஆழமென்றால் 12,200 லிட்டர். பழைய பம்ப், காயில் பலமுறை கட்டிய மோட்டார், ஒடுங்கிய பைப் எல்லாம் சேர்ந்து மொத்தத் திறன் 30 சதவீதம் என்றால் 3,700 லிட்டர்தான் மேலே வரும். நீர்மட்டம் 150 மீட்டருக்குப் போனால் அதே யூனிட்டுக்கு 730 லிட்டர். பயிர் அதேதான், ஏக்கர் அதேதான், யூனிட் ஐந்து மடங்கு. லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து காயில் எரியும். காயில் கட்டும் கடைக்கு வருமானம், அதுவும் ஜி.டி.பி.தான். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கப்பாசிட்டர் போட்டு மோட்டாரை ஓட்டுவது இந்தச் சேதத்தைக் கூட்டுகிறது.

இதற்கு நேரெதிர் மேலூர்க் கால்வாய். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, 1958 முதல் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் விசையாழியைச் சுற்றி, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் இறங்கி வயலுக்கு வருகிறது. அந்த ஏக்கர் ஒரு யூனிட்டையும் செலவிடாதது மட்டுமல்ல, அதன் தண்ணீர் வரும் வழியில் மின்சாரத்தையும் தந்துவிட்டு வருகிறது. இரண்டு வயலின் நெல்லுக்கும் மாநில வருமானக் கணக்கில் ஒரே விலை. ஆற்றல் கணக்கில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்.

ஆற்றல் கணக்கில் என்று சொன்னாலும், அந்தக் கணக்கே மதிப்பீடுதான். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேலான விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மாதிரி மீட்டர்களை வைத்து ஊகித்த அளவுதான் விவசாயப் பத்தியில் ஏறுகிறது. கம்பியில் எவ்வளவு இழப்பு, பம்ப்செட்டில் எவ்வளவு என்பது அந்த ஊகத்தைப் பொறுத்து மாறும்.

பம்ப்செட் வளர்ச்சிக்கு உதவவே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பசுமைப் புரட்சிக் காலத்தில் நிலத்தடி நீர் அதிகமிருந்த மாநிலங்களுக்குப் பம்ப்செட்டுக்காக மின்கம்பி வேகமாகப் போனது, அந்தக் கம்பியே பிறகு தொழிலுக்கும் வழியானது என்பதை வைத்து ஹுவான் பாப்லோ ரூத் ஓர் ஆய்வு செய்தார். மின்மயமாதல் அளவில் ஒரு திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கூடினால் ஆலை உற்பத்தி 14 சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கிறது என்பது அவர் முடிவு. முதல் கம்பி தரும் பலன் வேறு, ஆயிரம் அடி போர்வெல்லுக்குப் போகும் கடைசி யூனிட் தரும் பலன் வேறு.

காரணத்தைப் பிரிப்பது

‘வெட்டு வந்தது, வளர்ச்சி விழுந்தது’ என்று முடித்துவிட முடியாதபடி அந்த ஆண்டுகளில் பல அடிகள் ஒன்றாக விழுந்தன. 2008 நவம்பர் வெட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான் உலக நிதி நெருக்கடி வெடித்து ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றன. 2012 ஏப்ரலில் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தது. அதே ஆண்டு மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டன. அதற்கும் மின்வெட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் லாரி, கிரேன், பாலிஷ் பட்டறை, டீக்கடை வரை மதுரை மாவட்ட வருமானத்தில் அது ஓட்டை போட்டது. வடகிழக்குப் பருவமழையும் அந்த ஆண்டு பொய்த்தது.

இவற்றைப் பிரிக்க மூன்று ஒப்பீடுகள் கைகொடுக்கும். முதலாவது சென்னையும் மதுரையும்: ஒரே மாநிலம், ஒரே கட்டண அட்டவணை, வெட்டு நேரம் மட்டும் அங்கே இரண்டு மணி, இங்கே பத்து மணிக்கும் மேல். இரண்டாவது காற்று மாதமும் காற்றில்லா மாதமும்: அதே பட்டறை, அதே ஆர்டர் புத்தகம், ஆடியில் ஒரு வேகம், ஐப்பசியில் ஒரு வேகம். பண்டிகைக் கால ஆர்டரைக் கழிக்க, வெட்டில்லாத 2007-ன் அதே மாதங்களை எதிரே வைக்க வேண்டும். மூன்றாவது தொழிலின் தன்மை: இடைநிறுத்தம் தாங்காத ரப்பர், நூல் ஒரு பக்கம், தாங்கும் தையல், பூ வியாபாரம் மறுபக்கம். மூன்று வித்தியாசங்களும் ஒரே திசையில் போனால் மட்டும் மின்வெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

கணினியில் கிரேஞ்சர் சோதனை (இரண்டு எண் வரிசைகளில் எது முன்னே போகிறது என்று பார்ப்பது) போடுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. பற்றாக்குறை ஆண்டில் மீட்டர் காட்டுவது தேவையை அல்ல, கிடைத்ததை. 2012-ன் யூனிட் எண்ணை ‘மக்கள் விரும்பிச் செலவிட்டது’ என்று வைத்து, அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒரே வரிசையில் கோத்தால் இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் கூட்டுகிறோம். வரிசையை வெட்டுக்காலம், வெட்டில்லாக் காலம் என்று உடைக்க வேண்டும். உடைத்தால் புள்ளி போதாது, ஆகவே ஆண்டுக்குப் பதில் மாதம், மாநிலத்துக்குப் பதில் ஃபீடர் என்று கீழே இறங்க வேண்டும். மாவட்ட வருமானமும் இதற்கு உதவாது. சிறு பட்டறைகளின் உற்பத்தியை மாதாமாதம் யாரும் அளப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து, மறைமுகக் குறியீடுகளால் நீட்டிக்கொண்டு போவார்கள். பட்டறை மூடிக் கிடந்தாலும் அந்த எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

2020: இழுவை திசை மாறியபோது

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. ஏப்ரலில் நாட்டின் மின் தேவை, முந்தைய ஏப்ரலைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. 24 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது கப்பலூர் ஷெட்டுகளில் கரண்ட் தாராளமாக இருந்தது, ஆள் இல்லை. எட்டு ஆண்டுக்கு முன் ஆள் இருந்தது, கரண்ட் இல்லை. இரண்டு நாளின் மீட்டர் எண்ணும் குறைவாகவே இருக்கும். ஆய்வாளர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றென்பார்.

மின்சாரம் தட்டுப்பாடாக இருக்கும்போது ஆற்றல்தான் உற்பத்திக்கு மூக்கணாங்கயிறு. தாராளமாக இருக்கும்போது உற்பத்தி நடக்கிற பக்கம் ஆற்றல் போகும். நான்கு விடைகளில் எது சரி என்ற கேள்விக்கு, எந்த ஆண்டு, எந்த ஃபீடர் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. பிரிட்டன் இருபது ஆண்டுக்கு முன்பைவிடக் குறைந்த ஆற்றலில் பெரிய பொருளாதாரத்தை ஓட்டுகிறது என்பதும் உண்மை. இரும்பும் துணியும் வேறு நாட்டில் செய்து இறக்குமதியாகும் நாட்டுக்கு அது எளிது. 1,395 யூனிட்டில் நிற்கும் நாட்டுக்கு அந்தப் பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது.

2015-ல் கட்டுப்பாடு முழுதும் நீங்கியது. மூடிய பட்டறைகள் மறுநாள் திறக்கவில்லை. இணைப்பை ஒப்படைத்தவர் புது சர்வீஸுக்கு டெபாசிட் கட்ட வேண்டும், கைவிட்டுப்போன வாங்குபவர் வேறு ஊரில் ஆள் பிடித்திருப்பார், பிரஸ் ஓட்டத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். நிமிர்வதற்குள் 2016 நவம்பரில் நோட்டு செல்லாததானது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வெட்டு உற்பத்தியைக் குறைத்த வேகத்தில் வெட்டு நீங்கியது அதைக் கூட்டவில்லை. இந்தச் சமச்சீரின்மையை நேர்கோட்டுச் சமன்பாடு பிடிக்காது. 2022 செப்டம்பரில் சிறு ஆலைகளுக்கான நிலைக்கட்டணம் ஏறியபோது பிரச்சினை வேறு உருவம் எடுத்தது: யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் கட்ட வேண்டிய தொகை, ஆர்டர் குறைந்த மாதத்தில் ஒரு ஷாட்டுக்கான மின்செலவை ஏற்றுகிறது. கரண்ட் தடையின்றி வருகிறது, இப்போது அதை முழுதாகப் பயன்படுத்த வேலை வேண்டும்.

அடுத்த ஆய்வுக்கு

தொழிற்பேட்டைச் சங்கமோ கல்லூரிப் பொருளாதாரத் துறையோ இதைத் தொடர விரும்பினால் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு நோட்டு: கரண்ட் போன நேரம், வந்த நேரம், மீட்டர் எண், அன்று தேறிய உருப்படி, கழிவான உருப்படி, டீசல் லிட்டர். போன நேரத்தை நிமிடத்தோடு எழுத வேண்டும், ‘காலையில்’ என்று எழுதினால் பயனில்லை. ஒரு நிமிடத்துக்குக் குறைவான கண்சிமிட்டலைத் தனியாகக் குறிக்க வேண்டும், நூற்பாலைக்கும் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினுக்கும் அதுதான் எதிரி. மாதம் ஒருமுறை நடக்கும் பராமரிப்பு நிறுத்தத்துக்கு வேறு குறி, ஏனென்றால் அது முன்கூட்டித் தெரியும், ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளலாம். துணை மின்நிலையத்தின் ஃபீடர் பதிவேட்டோடு இந்த நோட்டை ஒப்பிட்டால் இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் வரும். ஃபீடரில் கரண்ட் இருந்து, டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய், பட்டறையில் இல்லாத மணி நேரங்கள் அவை. தரவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஃபீடர் பதிவுதான், ஷாட் பாழாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம்.